இலை விட்ட சுவர்

கனடாவில், வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடம்தான் உலகத்திலேயே உயிரோடு இருக்கும் ஒரே பள்ளிக்கூடம். வசந்தம் வந்தால் அதன் சுவரெல்லாம் இலை விடும். இலைகளை விலக்கித்தான் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன், கொஞ்சம் கூட்டிவிட்டேன். இலை விட்டது வடக்கு மூலைத்தூண் மட்டும். கரும்பலகையை மறைத்தது வாத்தியாரின் தொந்தி.

எங்கள் பெரியவர்கள் ஐஸ்லாந்திலிருந்து வந்தவர்கள். அங்கே மரம் என்றால் கடல் கொண்டுவந்து ஒதுக்கும் கட்டை. நிற்கிற மரத்தை வெட்டிப் பழகாதவர்கள், பச்சைப் பாப்லர் மரங்களைப் பட்டைகூட உரிக்காமல் ஏரியோரத்து ஈரமண்ணில் நட்டுப் பள்ளிக்கூடம் எழுப்பினார்கள். அடுத்த வசந்தத்தில் மூலைத்தூண் துளிர்த்தது. யாரும் திகைக்கவில்லை. மரவீடு என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, “இங்கே வீடுகள் வசந்தத்தில் பச்சையாகிவிடும்” என்று ஐஸ்லாந்துக்குப் பெருமையாக எழுதிப் போட்டார்கள். பக்கத்துக் குடியிருப்பு உக்ரேனியர் ஒருவர் வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்த பிறகுதான் தூண் வேர்பிடித்துவிட்ட விஷயம் புரிந்தது. அதற்குள் அந்தத் துளிருக்குக் காவல் போட்டாகிவிட்டது. மீன்காரர் மகள் குத்ஃபின்னாதான் காவல். ஊருக்கு அவள் ஃபின்னா.

அவள் பெஞ்சு அந்தத் தூணின் அடியில். வாய்ப்பாடு சொல்லும்போதே அவள் கண் சொருகும். “மொட்டு பிரியிற சத்தம் கேக்குதுடி” என்பாள். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டது என்று தலையாட்டுவேன், துளிரின் பிசின் வாசனை அப்படிச் சொல்ல வைக்கும். பிறகு அவள் அந்தப் பள்ளிக்கே அடுப்பு மூட்டுகிறவளானாள், பெருக்குகிறவளானாள், கூட்டங்களுக்குக் காப்பி போடுகிறவளானாள். ஹாலுர் என்ற மீன்காரன் தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்டது அந்த மூலையில்தான். அவனைப் புதைத்துவிட்டு வந்து நாங்கள் காப்பி குடித்ததும் அங்கேதான். அன்று மரத்தின் காய் வெடித்துப் பறக்கும் பாப்லர் பஞ்சு ஜன்னல் வழியே மிதந்து வந்து கோப்பைகளில் இறங்கியது. ஃபின்னா அதை எடுக்காமலே குடித்தாள். பிள்ளைகள் வேறு ஊர்ப் பள்ளிக்குப் பஸ் ஏறிப் போன பிறகும் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. தூணோ சுவரைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போய், கூரைக்கு மேல் பெரிய மரமாகியிருந்தது.

ஃபின்னாவுக்கு எண்பது தாண்டிய ஒரு ஜூன் மாதம், பழைய கட்டடங்களைப் பார்வையிடும் அதிகாரி மார்லீன் நகரத்திலிருந்து வந்தாள். ஊரே பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தது.

“கட்டடம் அருமைங்க. பாதுகாக்க வேண்டிய கட்டடம்னு எழுதிடலாம். ஆனா அந்த மரம் சுவரைப் பிளக்குது. வேரோட எடுத்துடணும். ஊர் ஓட்டுப் போட்டு வெட்டச் சொன்னா நாளைக்கே ஆள் வரும். போடலைன்னா நான் யோசிச்சுத்தான் எழுதணும்.”

பெஞ்சுகளில் பாதித் தலைகள் ஆடின, ஓட்டுக்கு வந்தால் மரம் போய்விடும் என்று ஃபின்னாவுக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. முதல் கோப்பை காப்பி வானிலைக்கு. இரண்டாவது, யார் யாருக்கு உறவு என்று ஆராய்வதற்கு. தலைவருக்கு மூன்றாவது கோப்பை போன பிறகுதான் ஓட்டு. அதற்கு முன்னால் கையைத் தூக்குகிறவன் வளர்ப்புச் சரியில்லாதவன்.

பின்கட்டில் ஃபின்னா என் கையைப் பிடித்தாள். “அடியே ஸ்டெய்னா, காப்பி எவ்வளவு இருக்கு?”

“கெட்டில் நிறைய இருக்கே.”

“இல்ல, தீந்துபோச்சு. ஏரித் தண்ணி மோந்துவந்து புதுசாப் போடணும். மெதுவாத்தான் போகணும், எனக்கு முட்டி வலி.”

“உனக்கு எப்பலேர்ந்துடி முட்டி வலி?”

“இப்பலேர்ந்து.”

அந்தப் பிற்பகல் தேனாய் இழுபட்டது. இலைகளின் ஊடே வந்த வெயில் அறையைப் பச்சைத் தண்ணீராக்கியது. நாங்கள் அதன் அடியில் மீன்களைப் போல வாயசைத்துக்கொண்டிருந்தோம். பஞ்சு தொப்பிகளிலும் பிளம் கூழ் தடவிய அடுக்குக் கேக்கிலும் இறங்கியது. இரண்டாவது கோப்பை முடியவே இல்லை. உறவுமுறை பேசிப் பேசி முந்நூறு வருஷம் பின்னால் போய்விட்டார்கள். அதிகாரியையும் விடவில்லை. “உங்க பாட்டி எந்த ஊரும்மா?” என்று தொடங்கி அவளை எனக்கு ஒன்றுவிட்ட பேத்தியாக்கினார்கள். அவள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு தலையாட்டினாள்.

கடைசியில் மாடுகள் கத்தின. பால் கறக்கிற வேளை. ஒவ்வொருவராக எழுந்து தொப்பியைத் தட்டிக்கொண்டு போனார்கள். ஓட்டு நடக்கவில்லை.

மார்லீன் மூலைத்தூணில் கை வைத்து, பலகையும் பட்டையும் சேரும் இடத்தைத் தடவித் தடவித் தேடினாள். “இதுல எது சுவர், எது மரம்னே தெரியலியேம்மா.”

“அது தெரிஞ்சிருந்தா எங்க ஆளுங்க இதக் கட்டியே இருக்கமாட்டாங்க” என்றாள் ஃபின்னா.

அறிக்கை வந்தது. கட்டடத்தையும் மரத்தையும் ஒன்றாகவே பாதுகாக்க வேண்டும் என்றிருந்தது. ஃபின்னா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள், இன்னொரு தரம் கேட்டாள், பிறகு பெஞ்சில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள். அன்றைக்கு அவள் மூன்றாவது கோப்பையை ஒருவருக்கும் ஊற்றாமல் காத்ததால்தான் மரம் பிழைத்தது.

இந்த இடம் வரை நான் எழுதியதை, அப்போது கூட்டத்தலைவராக இருந்த என் வீட்டுக்காரர் அஸ்வால்துர், சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்தபடி எட்டிப் படித்தார்.

“தப்பு. எனக்கு ஊத்தினா. பழக்கதோஷம், கை தானா ஊத்திடுச்சு. பாவம், ஊத்தினதே அவளுக்குத் தெரியல.”

“மூணாவதா? அப்ப ஓட்டு எடுத்திருக்கணுமே!”

“குடிச்சாத்தானே கணக்கு? நான் அத அந்தத் தூணுக்கு ஊத்திட்டேன்.”