சவர் ஏறின நல்ல தண்ணிக் கிணறு

மூண்டு வருசத்துக்கு முந்தி, ஒரு ஆடி மாதம். பருத்தித்துறைக்குக் கிட்ட, கடலிலையிருந்து ஒரு மைல் கூட வராத ஒரு ஒடுங்கின தெரு, நாங்கள் ஒழுங்கை எண்டுவம். அங்கை நடந்ததை நான் இதுவரைக்கும் ஆருக்கும் முழுசாச் சொன்னதில்லை. சொல்ல வெக்கமா இருந்தது. இப்ப சொல்லலாம் போலை கிடக்கு.

முதல் என்னைப் பற்றிச் சொல்லவேணும். நான் கரவெட்டிக்காரி. வீடுகளுக்குப் பூந்தோட்டம் அமைச்சுக் குடுக்கிறது என்ரை தொழில். வெளிநாட்டிலை இருக்கிற ஆக்கள் ஊரிலை வீடு கட்டினால், வீட்டைச் சுத்திப் புல்லுப் பதிச்சு, பூமரங்கள் வைச்சு, நடக்கிற பாதைக்குக் கல்லும் போட்டுக் குடுப்பம். நான் தொடங்கேக்கை ஊர் சிரிச்சது. வீட்டு வளவு கூட்டுறதுக்கும் ஒரு கொம்பனியோ எண்டு கேட்டவை. எனக்குக் கோவம் வந்தால் வாய் சும்மா கிடவாது. ஓம், கூட்டுறதுக்கும் கொம்பனிதான், உங்கடை வளவு கிடக்கிற கிடையைப் பாத்தால் முதல் அங்கைதான் வரவேணும் எண்டு திருப்பிக் குடுத்திட்டு வந்திடுவன்.

ஆனால் உண்மையிலை இது லேசான வேலை இல்லை. எங்கடை பக்கத்திலை மழை எண்டு பெய்யிறது ரெண்டு மூண்டு மாதம். மிச்சம் முழுக்க வெய்யில். சித்திரையோடை வெளிச்சமே வெள்ளையாப் போயிடும். மண்ணிலை கால் வைக்கேலாது. அந்த வெள்ளைக்குள்ளை ஒரு துண்டுப் பச்சையைக் கொண்டு வந்து வைக்கிறதிலை எனக்கு ஒரு விசர். சின்னனிலையே நான் பகல்கனவு காணுற ஆள். பள்ளிக்கூடத்திலை யன்னலாலை பாத்துக்கொண்டிருந்து அடி வாங்கினதுக்குக் கணக்கில்லை. கலியாணம் கட்டின பிறகும் மனுசன் கூப்பிட்டால் மூண்டாந்தரம்தான் காதிலை விழும். பிறகு அந்தக் கனவையே தொழிலாக்கிப் போட்டன்.

அந்த ஒழுங்கை வீட்டுக்காரர் கனடாவிலை இருக்கிற ஒரு அண்ணை. ஆவணியிலை குடும்பத்தோடை வாறதா இருந்தார். அவர் போனிலை கேட்டது ஒண்டே ஒண்டுதான். பிள்ளையள் வெறுங்காலோடை ஓடித் திரியிற மாதிரி வீட்டுக்கு முன்னாலை புல்லு வேணும். வீடு புதுசு, மதில் புதுசு. பின்பக்கத்திலை இருந்த கிணறு மட்டும் பழசு. அந்தக் கிணத்தடிக்கு ஒழுங்கையாலை வாறதுக்கு மதிலிலை ஒரு சின்னப் படலை விட்டிருந்தார். முந்தி வேலி இருந்த காலத்திலை அந்த இடத்திலை ஒரு பொட்டு இருந்ததாம். பொட்டு எண்டால் வேலியிலை ஆக்கள் குனிஞ்சு நுழையிறதுக்கு விடுற இடைவெளி.

எங்கடை கடற்கரைப் பக்கத்திலை இது வழமை. பத்துக் கிணறு இருந்தால் ஒண்டிலைதான் நல்ல தண்ணி இருக்கும். மற்றதெல்லாம் சவர், வாயிலை வைக்க உப்புக் கரிக்கும். நல்ல தண்ணி ஆற்றை வளவிலை இருந்தாலும் அது ஒழுங்கை முழுக்கவுக்கும் பொது. ஆரும் ஆரையும் கேக்கிறேல்லை. காலமையும் பின்னேரமும் குடத்தோடை வந்து அள்ளிக்கொண்டு போவினம். இடையிலை கிணறு தன்ரை பாட்டிலை கிடந்து ஊறும். இதெல்லாம் எனக்குத் தெரியாத விசயமில்லை, நானும் இடுப்பிலை குடம் வைச்சுத் தண்ணி சுமந்தவள்தான். தெரிஞ்சுகொண்டுதான் அந்த வேலையைச் செய்தன்.

ஆனியிலை புல்லுப் பதிச்சம். கிணத்துக்கு ரெண்டு இஞ்ச் மோட்டர் பூட்டினன். விடிய ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. தண்ணி விசிறுற குழாயள் நாலு மூலையிலையும் சுத்தும். சும்மா சொல்லக்கூடாது, அப்பிடி ஒரு வடிவை நான் பிறகு கண்டதில்லை. வெளியிலை தென்மேற்காலை வாற சோளகக் காத்து புழுதியை அள்ளி எறியுது, பனையள் சரசரக்குது, மதிலுக்கு உள்ளை மட்டும் மெல்லிசாத் தூறுது. வெய்யில் சரியும் நேரத்திலை அந்தத் தூறலுக்குள்ளை ஒரு வானவில் வந்து நிக்கும். வேலையாக்கள் போன பிறகு நான் செருப்பைக் கழட்டிப் போட்டு அதுக்குள்ளை நடப்பன். சில நாளிலை அப்பிடியே மல்லாந்து படுத்தும் கிடந்திருக்கிறன். முதுகிலை குளிர், முகத்திலை தூறல், மேலை அந்தப் பெரிய நீலம். எங்கை இருக்கிறன் எண்டதே மறந்து போகும்.

ஆடி பிறக்க கிணறு வத்தத் தொடங்கிச்சுது. மோட்டர் காத்தை இழுத்துக்கொண்டு உறுமிச்சு. புல்லு ஒரு நாள் காஞ்சால் போச்சு, அண்ணை வர இன்னும் ஒரு மாதம் கிடக்கு. நான் ரெண்டு பேரைப் பிடிச்சுக் கிணத்துக்கை இறக்கி, அடியிலை கிடந்த சுண்ணாம்புக்கல்லை உடைச்சு இன்னும் ஆழமாக்கச் சொன்னன். இறங்கின ஒருத்தர் மேலை பாத்து, இதுக்குக் கீழை கல்லை உடைச்சால் உப்புத்தான் அக்கா வரும் எண்டார். உங்களுக்குக் கல்லுடைக்கப் பஞ்சி, சோம்பேறியள் எண்டு நான் பகிடி விட்டன். ரெண்டு நாளிலை தண்ணி கொப்பளிச்சுக்கொண்டு வந்தது. பாத்தீங்களோ எண்டு நான்தான் பெருமையடிச்சன்.

அந்த நாளுகளிலை பின்னேரங்களிலை பொம்பிளையள் நாலைஞ்சு பேர் குடத்தோடை படலையாலை வருவினம். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் நிப்பினம். சிலவேளை அள்ளுவினம், சிலவேளை அள்ளாமலே போவினம். போகேக்கை புல்லைப் பாத்து, நல்ல வடிவா இருக்குப் பிள்ளை எண்டு சொல்லிப்போட்டுப் போவினம். நான் வாயெல்லாம் பல்லா நிண்டன். வெறுங்குடத்தோடை திரும்பிப் போற சனம் என்னைப் புகழ்ந்துகொண்டு போகுது, நான் அந்தப் புகழை மட்டும் கேட்டிருக்கிறன். அவையளின்ரை குடத்தை ஒருக்காலும் பாக்கேல்லை.

அடுத்த வளவிலை ஒரு அக்கா இருந்தா. ஐம்பத்தைஞ்சு வயசிருக்கும். அவவும் மனுசனும் மட்டும்தான். மனுசனுக்குச் சிறுநீரக வருத்தம், வெளியிலை வாறது குறைவு. நாங்கள் வேலை தொடங்கின நாள் தொட்டு அக்கா பத்து மணிக்குத் தேத்தண்ணி கொண்டு வருவா. நாங்கள் கேக்கேல்லை, அவவாத் தாறது. வளவிலை ஆக்கள் வேலை செய்யேக்கை வெறும் வாயோடை விடக்கூடாது எண்டது அவவின்ரை முறை.

அந்த ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா தேத்தண்ணி கொண்டு வந்து தந்தா. ஒரு வாய் குடிச்சன், முகம் சுழிஞ்சு போச்சு. நல்லா உப்புக் கரிச்சுது. நான் சிரிச்சுக்கொண்டு, சீனிப் போத்தலும் உப்புப் போத்தலும் மாறிப்போச்சோ அக்கா, ஆரை நினைச்சுக்கொண்டு ஊத்தினனீங்கள் எண்டு பகிடியாக் கேட்டன். அக்காவும் சிரிச்சா. அந்தச் சிரிப்பிலை கோவம் ஒரு துளி இல்லை.

"நான் உப்புப் போடேல்லைப் பிள்ளை. ஒரு கிழமையா எங்கடை தேத்தண்ணி இப்பிடித்தான். நல்ல தண்ணி கொஞ்சம் கோயில் கிணத்திலை இருந்து கொண்டு வாறனான், நேற்றுவரைக்கும் உங்களுக்கும் அதிலைதான் ஊத்தினன், இண்டைக்கு அது அவருக்கு மட்டும்தான் காணும். அவருக்கு டொக்டர் உப்பை நாக்கிலையும் வைக்கக்கூடாது எண்டிட்டார்."

அவையளும் குடிக்க அள்ளுறது இந்தக் கிணத்திலைதான். அப்பதான் எனக்கு உறைச்சுது. கப்பைக் கீழை வைச்சிட்டுக் கிணத்தடிக்கு ஓடினன். மோட்டரை நிப்பாட்டி, வாளியை விட்டு அள்ளி வாயிலை வைச்சன். கடல் தண்ணிக்கு அது தங்கச்சி. ஒரு கிழமையா நான் அதைத்தான் புல்லுக்கு விசிறியிருக்கிறன். கிட்டப் போய்ப் பாத்தால் புல்லு நுனியளும் கருகத் தொடங்கியிருந்தது. அந்த மெல்லிய தூறலுக்குள்ளை மல்லாந்து கிடந்த எனக்கு அது கூடத் தெரியேல்லை.

ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை எண்டு அக்காவோடை சண்டைக்குப் போனன். என்ரை பிழைக்கு அவவிலை பாய்ஞ்சன், பாருங்கோ. அக்கா மெல்லமாச் சொன்னா, உங்கடை தொழில் அல்லோ, நீங்கள் இவ்வளவு ஆசையாச் செய்யிறியள், எப்பிடிச் சொல்லுறது எண்டு. கோயில் கிணறு அங்கையிருந்து முக்கால் மைல். அந்த வெய்யிலுக்கை சைக்கிள் பின்னுக்குத் தண்ணிக் கான் கட்டி, உருட்டிக்கொண்டு நடந்து வந்திருக்கிறா. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் வானவில் பாத்துக்கொண்டிருந்திருக்கிறன். எனக்குச் செத்துப் போகலாம் போலை இருந்தது.

மோட்டரைக் கழட்டிப் போட்டன். எட்டு நாளிலை புல்லு மஞ்சளாகி, பிறகு வைக்கல் ஆகிச்சுது. அண்ணைக்கு நான்தான் போன் எடுத்துச் சொன்னன். புல்லுக்கு ஏசுவார் எண்டு நினைச்சன். அவர் புல்லைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கேல்லை.

"தங்கச்சி, புல்லு கேட்டது நான்தான். கிணத்தின்ரை கல்லை உடைக்கச் சொல்லி நான் கேட்டனானோ?"

ஆவணியிலை அவர் வந்தார். வந்த கையோடை படலையாலை ஒழுங்கைக்குப் போய், மன்னிப்புக் கேட்டு வீடு வீடா ஏறி இறங்கினாராம். நான் போய் முன்னாலை நிண்டன். அவர் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. உடைச்ச பள்ளத்தைக் கல்லுப் போட்டு மூடுங்கோ எண்டு மட்டும் சொன்னார். நானே நிண்டு மூடுவிச்சன். முன்பக்கத்திலை காஞ்ச புல்லைக் கிளப்பிப்போட்டு வெள்ளை மணலும் கத்தாழையும் நித்தியகல்யாணியும் வைச்சன். அவர் வேண்டாம் எண்டும் சொல்லேல்லை, நல்லது எண்டும் சொல்லேல்லை.

ஆனால் மூடின உடனை உப்புப் போயிடுமோ? கிணறு குழம்பினால் மழைதான் வந்து கழுவவேணும். அதுவரைக்கும் அந்தச் சனம் என்ன செய்யும்? என்னட்டை ஒரு பட்டா லொறி இருந்தது, மரக்கண்டு ஏத்துறது. அதிலை ஒரு தாங்கியை வைச்சு, கரவெட்டியிலை எங்கடை வீட்டுக் கிணத்திலை நிரப்பி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலமை அந்த ஒழுங்கைக்குக் கொண்டு போனன். ஏழு வீடு. முதல் நாள் ஒருத்தரும் வெளியிலை வரேல்லை. அக்காதான் முதல் குடத்தைக் கொண்டு வந்தா. அவவைப் பாத்து மற்றவை வந்தவை. ஒரு வீட்டுப் பொம்பிளை மட்டும் மாதக்கணக்கா என்னோடை கதைக்கேல்லை, குடத்தை வைச்சிட்டு அங்காலை திரும்பி நிப்பா. அது நியாயம்தான்.

ஐப்பசியிலை மாரி தொடங்கிச்சுது. முதல் பெரிய மழை அண்டைக்கு நான் வேலையை விட்டிட்டு அந்தக் கிணத்தடியிலை போய் நிண்டன். குடை பிடிக்கவும் மனம் வரேல்லை. வானம் தாழ இறங்கி வந்திருந்தது. மணலிலை விழுற தண்ணி தேங்கவே இல்லை, விழ விழ மண் குடிச்சுக்கொண்டிருந்தது. அது கீழை போற வழியை நான் மனசாலை பாத்துக்கொண்டே நிண்டன். மண்ணுக்கை, கல்லு வெடிப்புக்கை, மெல்ல மெல்லக் கீழை போய் அந்த உப்புக்கு மேலை நல்ல தண்ணி படியிது. எவ்வளவு நேரம் நிண்டன் எண்டு தெரியாது. அக்கா ஒரு துவாயைக் கொண்டு வந்து என்ரை தலையிலை போட்டிட்டுப் போனா. அதிலைதான் எனக்கு அழுகை வந்தது. மழைக்குள்ளை ஆருக்குத் தெரியப்போகுது எண்டு நல்லா அழுதன்.

அந்த ஒரு மாரி மழை உப்பைக் கழுவக் காணேல்லை. தையிலை அள்ளிப் பாத்தால் இன்னும் கரிச்சுது. அந்த வருசம் முழுக்கத் தண்ணி கொண்டு போனன். எனக்குக் காய்ச்சல் வந்த நாளுகளிலை என்ரை மனுசன் லொறியை எடுத்துக்கொண்டு போனார். அங்கை போகேக்கை எல்லாம் எனக்குள்ளை ஒரு பாரம் இருக்கும். தாங்கியோடை போறபடியால்தான் அந்த ஒழுங்கைக்குள்ளை என்னை விடுகினம், தாங்கி இல்லாமல் போனால் எந்த முகத்தோடை நிப்பன் எண்டு நினைப்பன். அக்காவின்ரை மனுசனை நான் கண்டதே ரெண்டு தரம். ரெண்டு தரமும் அவர் கதிரையிலை இருந்துகொண்டு கையை உயர்த்தினார். என்னாலை நிமிந்து பாக்கேலாமல் போச்சு.

அடுத்த மாரியும் வந்தது, நல்லாக் கொட்டிச்சுது. மார்கழிக் கடைசியிலை ஒரு நாள், குளிரும் பனியுமா இருந்த காலமை, வழமை போலை லொறியை நிப்பாட்டிப்போட்டுக் குழாயைப் பூட்டினன். ஒருத்தரும் குடத்தோடை வரேல்லை. அக்காவின்ரை மனுசனுக்கு ஏதும் நடந்துபோச்சோ எண்டு அக்கா வீட்டுப் பக்கம் ஓடப் போனன். அக்கா கிணத்தடியிலை இருந்து வந்துகொண்டிருந்தா, இடுப்பிலை தளம்பத் தளம்ப ஒரு குடம். அதிலையே ஒரு கிளாசிலை ஊத்தித் தந்தா. பயந்து பயந்து குடிச்சன். இனிச்சுது. உண்மையிலையே இனிச்சுது. அவரும் விடியக் குடிச்சவர் எண்டா.

"நாளையிலை இருந்து தண்ணி கொண்டு வரவேண்டாம் பிள்ளை," எண்டா அக்கா. பிறகு என்ரை முகத்தைப் பாத்திட்டுச் சொன்னா, "ஆனால் நீங்கள் வாங்கோ."

இப்பவும் தோட்டம் அமைக்கத்தான் போறன். ஆனால் ஒரு வளவுக்குப் போனால் முதல் கேக்கிறது, இந்தக் கிணத்துக்கு ஆர் ஆர் வருகினம் எண்டுதான். புல்லுக்குப் பதிலா மணலும் கத்தாழையும் வைக்கலாம் எண்டு சொல்ல, சிலர் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு வேறை ஆக்களிட்டைப் போகினம். போகட்டும். மாதத்திலை ஒரு நாள் எண்டாலும் அந்த ஒழுங்கையாலை போவன், லொறியை ரோட்டிலை விட்டிட்டு. எத்தினையோ வீட்டு வாசலைப் பச்சையாக்கிக் குடுத்திருக்கிறன், ஆனால் வெறுங்கையோடை ஒரு ஒழுங்கைக்குள்ளை நிமிந்து நடந்து போகலாம் எண்டதைப் போலை பெரிய பேறு இந்தத் தொழிலிலை எனக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லை.