நான்கு மாத ‘நல்லா இருக்குங்க’

என் புருஷனைப் பற்றி நானே பெருமை பேசினால் ஹந்தானைத் தேயிலைத் தோட்டமே சிரிக்கும். சிரிக்கட்டும். எனக்கென்ன?

நிழல்மரக் கிளை வெட்ட ஏறி, விழுந்து, முதுகெலும்பு முறிந்தது அவருக்கு. ஆறு வருடமாகச் சக்கர நாற்காலிதான். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. பெயர் மயில்வாகனம். கோபம் வந்தால் நான் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அது இங்கே வேண்டாம்.

போன வருடம் கண்டியில் ஜஹானா டாக்டர் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். நாற்காலியில் போடும் புது மெத்தை, உட்கார்ந்தே இருப்பதால் வரும் புண்ணைத் தடுக்குமா என்று பார்க்க இவரைப் போல இருபது பேரைச் சேர்த்தார். மாதம் ஒரு தடவை திரீவீலரில் போய், டாக்டர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முந்தின நாளே சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லி என் உயிரை வாங்குவார். ஒரு டாக்டர் பேனாவும் கையுமாக இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் சும்மாவா!

அந்த வாயில் வந்தது என்ன? “நல்லா இருக்குங்க.” எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்படித்தான். தோட்டத்துத் துரை கேட்டாலும் டாக்டர் கேட்டாலும், நல்லது செய்ய வந்தவர் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டோம். அதுதான் மரியாதை என்று பழகிவிட்டோம்.

நான்காம் மாதம் குளிப்பாட்டும்போது பார்த்தேன். உட்காரும் இடத்தில் தோல் உரிந்திருந்தது.

“ரெண்டாம் மாசமே செவந்திருக்குன்னு சொன்னேனே! டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

சுவரைப் பார்த்தார். “சொன்னா வெலக்கிருவாங்க. அங்க போனாத்தான் ரத்தினம், நானும் ஒரு ஆளு.”

திட்ட வந்தவள் சோற்றைப் போட்டு வைத்தேன். சோற்றைத் தொடாமல் இருந்தவர், கடைசியில் அவராகவே சொன்னார்: “ஆராய்ச்சிக்கு வர்ற அக்குறணை ஹுஸைன் பாய்க்கும் இதே மெத்ததான். அவருக்கும் ஒணர்ச்சி இல்ல.”

அடுத்த மாதத் தவணை நாளுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையே கண்டிக்குப் போனோம்.

“நான் சொன்னதெல்லாம் பொய்ங்க டாக்டர். என் பேர வெட்டிருங்க. மத்தவங்களப் பாருங்க.”

டாக்டர் புண்ணைப் பார்த்தார். “இந்த மெத்தய நீங்க இனி பாவிக்க ஏலா. ஆராய்ச்சியிலயும் வெச்சிருக்க ஏலா” என்றார். வீடு வந்ததும் இவர் இஸ்திரிச் சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார். பாவமாக இருந்தது எனக்கு.

அதே வாரம் எல்லோரையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இன்னும் நான்கு பேருக்குச் சிவந்திருந்தது, அதில் ஹுஸைன் பாயும் ஒருவர். நான்கு பேரும் “நல்லா இருக்கு” என்றே சொல்லி வந்தவர்கள். மெத்தையை நிறுத்திவிட்டார்கள்.

புண் ஆறிய பிறகு டாக்டரே போன் எடுத்துக் கூப்பிட்டார். வேறு மெத்தையோடு ஆராய்ச்சி மறுபடி தொடங்குகிறதாம், கேள்விகளை எழுத இவரும் வர வேண்டுமாம். பெரிய மேசை, சுற்றிலும் டாக்டர்மார், நடுவில் என் வீட்டுக்காரர். “எப்படி இருக்கிறீர்கள்?” என்ற முதல் கேள்வியை வெட்டச் சொன்னார். இப்போது அங்கே இருப்பது இவருடைய கேள்வி: “வீட்டில் உங்கள் தோலைப் பார்ப்பவர் யார்? அவரை உள்ளே கூப்பிடுங்கள்.” மரம் வெட்டியவர் போட்ட கேள்விக்குத்தான் இன்று எல்லோரும் பதில் சொல்கிறார்கள், தெரியுமா!

புதுச் சுற்றில் இவரையும் சேர்த்தார்கள். முதல் நாள் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

“தோல் எப்படி இருக்கு ரத்தினம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

பாழாய்ப்போன வாய்! “நல்லா இருக்குங்க” என்றுவிட்டேன்.

இவர் நாற்காலியைத் திருப்பி என்னை முறைத்தார். “பாத்தத சொல்லு.”

இடது பக்கம் லேசாகச் சிவந்திருந்ததைச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.