குண்டம்மா இறங்கிய கல்யாண நாள்

எங்கள் ஊரில் வானிலை அறிக்கையை யாரும் சட்டை செய்வதில்லை. காலையில் வாசலுக்கு வந்து தெற்கே அண்ணாந்து பார்ப்போம். வெள்ளை பலூன் மேலே நின்றால் துணி காயப்போடலாம், கரி மூட்டி இறைச்சி சுடலாம். இறங்கியிருந்தால் காற்று வரப்போகிறது. தகரக் கூரையைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டியதுதான். எல்லை தாண்டித் தாழப் பறந்து வரும் விமானங்களைக் கண்காணிக்க, வயிற்றில் ரேடாரை வைத்து அரசாங்கம் கேபிளில் கட்டி விட்ட பலூன் அது. மேற்கு டெக்சாஸில் எங்களுக்கு அது வெறும் குண்டம்மா.

குண்டம்மாவை ஏற்றுவது, இறக்குவது, பழுது பார்ப்பது எல்லாம் ஹெர்லிந்தா பயேசாவின் பொறுப்பு. நான் டோன்யோ, அவருக்குக் கீழே கேபிளைச் சுற்றும் வின்ச் ஓட்டுகிறவன். அக்காவிடம் திட்டு வாங்காத நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது. பலூன் தளத்து விஷயம் எதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. கடையில் யாராவது, "ஏன் இறக்கினீங்க?" என்று கேட்டால், "இந்தத் தக்காளி நேத்து வந்ததா?" என்பார். இத்தனை வருஷத்தில் ஊர் பாடம் கற்றுக்கொண்டது: பலூனை நம்பு, ஹெர்லிந்தாவைக் கேட்காதே.

அவருக்கு ஒரே மகள் யெசெனியா. அம்மா கல்யாணம் செய்துகொண்ட அதே மரத்தோப்பில்தான் தனக்கும் நடக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஒற்றைக் காலில் நின்றாள். நாளும் குறித்தாயிற்று. அன்று மாலை கல்யாணம். அன்று காலையிலா குண்டம்மாவின் வால் துடுப்பு தொய்ய வேண்டும்! அதற்குக் காற்றடிக்கும் மோட்டார் படுத்துவிட்டது.

"அக்கா, ஒரு இலைகூட ஆடல. கல்யாணம் முடியட்டும், அப்புறமா இறக்கிக்கலாம்," என்றேன்.

"துடுப்பு தொங்கிட்டு நிக்குது, உனக்குக் கல்யாணச் சாப்பாடு கேக்குதா? இறக்குடா."

"ஊரே பாக்குமே அக்கா!"

"பாக்கட்டும்."

இறக்கினோம். கம்பத்தில் கட்டி முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா எல்வா போனில் வந்துவிட்டார். அந்தக் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"என்ன சம்பந்தி, புயலா?"

"இல்ல சம்பந்தி, காத்து வராது. நம்புங்க."

"அப்புறம் ஏன் இறக்குனீங்க?"

அக்கா உதட்டைக் கடித்தார். "அதைச் சொல்லக் கூடாது சம்பந்தி."

"அதானே பாத்தேன்! நீங்க வாயே திறக்க வேண்டாம். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார், புண்ணியவதி. மதியத்துக்குள் தோப்பிலிருந்த பந்தல், நாற்காலி, பீன்ஸ் அண்டா, சுட்ட மாட்டிறைச்சி, அக்கார்டியன்காரர்கள் எல்லோரும் எல்லாமும் பள்ளிக்கூட உள்ளரங்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கேக்கைக் கூடைப்பந்து வளையத்துக்கு நேர்கீழே வைத்திருப்பதாக ஒருவன் படம் வேறு அனுப்பினான்.

அதைப் பார்த்ததும் அக்காவின் குரல் உடைந்தது. "என் பொண்ணு கேட்டது அந்த மரத்தடி ஒண்ணுதான்டா. அதையும் நானே கெடுத்துட்டேன்."

சாப்பிடக்கூடப் போகாமல் புது மோட்டாரை மாட்டினோம். ஓடியது. துடுப்பும் விறைத்துக்கொண்டு நின்றது. "ஏத்திடலாமா?" என்று துள்ளினேன்.

"இன்னொரு தடவை ஓட்டிப் பாரு."

"அக்கா, கல்யாணம்!"

"என் வீட்டுக் கல்யாணத்துக்காகப் பலூன் இறங்காம இருக்கவும் கூடாது, அவசரமா ஏறவும் கூடாது. ஓட்டு."

இந்த அம்மாளைத் திருத்த முடியாது. நான் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன். அப்போது யெசெனியா கூப்பிட்டாள். கைநிறைய மசகு என்பதால் அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, எப்ப வர்றே?"

"வந்துடறேன்டி. அரங்கத்துல எல்லாரும் கூடியாச்சா?"

"அரங்கமா? நான் மரத்தடியில நிக்கிறேன். நானு, அவரு, பாதிரியார், மூணே பேரு. அத்தை போன் போட்டு, 'பலூன் இறங்கியிருக்கு, உனக்குப் பைத்தியமா'ன்னு கத்தறாங்க."

"அப்புறம் ஏன்டி அங்கயே நிக்கிறே?"

"காத்து வராதுன்னு நீ சொன்னியாமே."

அக்கா மசகுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சோதனையை முடித்து, காற்றளவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னடா வேடிக்கை? கேபிளை விடு!"

குண்டம்மா சாவகாசமாக மேலே ஏறினாள். பள்ளிக்கூட வாசலில் யாரோ, "ஏறிடுச்சு!" என்று கத்தினார்களாம். பந்தல் ஒரு வண்டியில், அண்டா ஒரு வண்டியில், கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி இன்னொரு வண்டியில் என்று ஊரே தோப்புக்குத் திரும்பியது. நாங்கள் மாலை ஆட்களிடம் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தோம். அக்கா பட்டு கவுனுக்குக் கீழே வேலை பூட்ஸ் போட்டிருந்தார், கன்னத்தில் மசகு.

எல்வா ஓடிவந்து கையைப் பிடித்தார். "பாத்தீங்களா சம்பந்தி, பலூன் ஏறின உடனே கிளம்பிட்டோம்!"

"நான் அது ஏறாதப்பவே வந்துட்டேன் அத்தை," என்றாள் யெசெனியா.

கண்ணீர் வழிந்துவிடக் கூடாதே என்று ஹெர்லிந்தா அக்கா அண்ணாந்து பார்த்தார். உடனே ஊரே பதறிப்போய் அண்ணாந்து பார்த்தது.