'அவர் இங்கே இல்லை' என்றார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். லாக்டவுன் என்பதால் செம்பூரில் எங்கள் வீட்டு ஆராதனை சமையலறை மேடையில் நடந்தது. அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த மொபைல்தான் ஆலயம். போதகர் இரண்டு கைகளையும் உயர்த்தி, "கிறிஸ்து உயிர்த்…" என்றார். அவ்வளவுதான். நெட் நின்றுவிட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது… சுற்றியது… சுற்றிக்கொண்டே இருந்தது.

வேறு வருஷமாக இருந்தால் சிரித்திருப்பேன். இந்த வருஷம் மொபைலைத் தூக்கி ஜன்னல் வழியாக வீசலாம் போலிருந்தது. காரணம் இருக்கிறது.

என் அண்ணன் செல்வராஜ் தாராவியில் இருக்கிறான். சட்டை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். புதன்கிழமை காய்ச்சல், மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. கூட யாரும் வரக் கூடாது என்றுவிட்டார்கள். அவன் போனதும் சந்தின் இரண்டு முனையிலும் மூங்கில் கட்டி அடைத்தார்கள். உள்ளே அண்ணன் மனைவி ஜெயசீலி மைனியும் பிள்ளைகளும்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை பேசினான். "சார்ஜர் எடுக்காம வந்துட்டேன் புள்ள" என்றான். அதற்குப் பிறகு ஸ்விட்ச் ஆஃப்.

வெள்ளிக்கிழமை… பெரிய வெள்ளி. மற்றவர்கள் சிலுவையைத் தியானித்தார்கள். நான் ஆஸ்பத்திரி போனில் வரும் மியூசிக்கைத் தியானித்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, காத்திரு. கட்! மறுபடியும் ஒன்று, மூன்று. எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. கடைசியில் ஒரு ஆள் எடுத்தார். அண்ணன் பெயரைச் சொன்னேன். யாரிடமோ கேட்டுவிட்டு வந்து சொன்னார்.

"ஓ இதர் நஹி ஹை, மேடம்."

இங்கே இல்லையா? பிறகு எங்கே? "மாலூம் நஹி." போனை வைத்துவிட்டார்.

ஒரு மனிதன் இங்கே இல்லை, எங்கே என்று தெரியாது என்றால் என்ன அர்த்தம்? அந்த வாரத்தில் மும்பையில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் எனக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து டிங் என்றது வாட்ஸ்அப். சபை குரூப்பில் தேவசகாயம் அண்ணாச்சி. எங்கள் சபையின் செக்ரெட்டரி. ரயில்வேயில் ரிட்டயர் ஆகி டோம்பிவிலியில் இருக்கிறார். லாக்டவுன் வந்ததிலிருந்து அவருக்கு வேலை ஒன்றே… ஃபார்வர்ட். காலையில் கஷாயம், மத்தியானம் வசனம், ராத்திரி யாரோ கண்ட தரிசனம். அன்றைக்கு வந்தது இது: 'விசுவாசியின் வீட்டை இந்தக் கொள்ளைநோய் அணுகாது. ஆமென் சொல்லி பத்து பேருக்கு அனுப்பவும்.'

பொறுமை போய்விட்டது. போட்டேன் ஒரு போன்.

"அண்ணாச்சி, விசுவாசிக்கு வராதுன்னா எங்க அண்ணனுக்கு எப்படி வந்துது? ஒரு ஞாயித்துக்கெழம கோயிலுக்குத் தப்புனது உண்டா அவன்? இப்ப ஆளையே காணோம்ங்கான். உங்க ஆமென எங்க கொண்டு போய் வைக்க?"

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியலையே, தாயி" என்றார் மெதுவாக. பிறகு, "தம்பிக்கு எத்தன வயசு? எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ? வெவரமாச் சொல்லு" என்றார். எரிச்சலோடு சொல்லிவிட்டு வைத்தேன். இன்னொரு ஜெபக் குறிப்பாக குரூப்பில் போடுவார், வேறென்ன?

சனிக்கிழமை மைனி வீடியோ காலில் வந்தார்கள். அண்ணனின் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்கு மைனி இது?"

"நாளைக்கு ஈஸ்டர்லா."

"அண்ணன் எங்க இருக்கான்னே தெரியல…"

"தெரியலன்னுதான சொன்னாவ? செத்துட்டாவன்னு சொல்லலல்லா? அப்ப இருக்காவ. நீ அழாம போன வை, காலரு சுருங்குது."

எனக்குக் கோபம்தான் வந்தது. இது விசுவாசமா, பிடிவாதமா?

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வட்டம் ஒருவழியாக நின்றது. வேதபாடம் வாசித்தார்கள். கல்லை யார் புரட்டுவார் என்று கவலைப்பட்டுக்கொண்டே இயேசுவின் கல்லறைக்குப் போகும் பெண்கள். கல் ஏற்கெனவே புரண்டு கிடக்கிறது. உள்ளிருந்து ஒரு குரல்… அவர் இங்கே இல்லை.

சின்ன வயதிலிருந்து எல்லா ஈஸ்டருக்கும் கேட்ட வரி. எப்போதும் உயிர்த்துவிட்டார் என்ற நல்ல செய்தியாகவே கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை ஆஸ்பத்திரி போனில் பேசிய ஆளின் குரலில்தான் கேட்டது. அந்தப் பெண்களுக்கும் முதலில் இப்படித்தானே இருந்திருக்கும்? அல்லேலூயா பாடவில்லை அவர்கள். நடுங்கிப்போய் ஓடினார்கள். முதல் ஈஸ்டர் காலையில் பூவும் இல்லை, கொயரும் இல்லை. ஆளைக் காணோம் என்ற பயம்தான் இருந்தது. இதை ஏன் ஒரு பிரசங்கத்திலும் அழுத்திச் சொல்வதில்லை?

போதகரின் பிரசங்கம் பாதியில் இருக்கும்போது போன் வந்தது. ஆராதனை அறுந்தது. திரையில் தேவசகாயம் அண்ணாச்சி! எடுக்கவே மனசில்லை. எடுத்தேன்.

"தாயி, தம்பி இருக்கான். கெடச்சிட்டான்!"

பெட் இல்லையென்று வியாழக்கிழமை ராத்திரியே வேறொரு சென்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். யாருக்கும் சொல்லவில்லை. அண்ணாச்சி வெள்ளிக்கிழமையிலிருந்து ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகப் போன் அடித்திருக்கிறார். பழைய ரயில்வே சிநேகிதர்கள், அவர்களின் நர்ஸ் மருமகள்கள், ஒருவரையும் விடவில்லை.

"ஒரு எடத்துல என் நம்பரையே பிளாக் பண்ணிட்டானுவ. வீட்டுக்காரி போன்லேர்ந்து அடிச்சேன். ஆக்ஸிஜன் வச்சிருந்தாவளாம், காலைல எடுத்துட்டாவளாம்."

தொந்தரவு பண்ணுவதில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! ஆமாம், மிஞ்ச ஆளில்லைதான்.

மைனிக்குச் சொன்னேன். "நாந்தான் சொன்னம்லா" என்றார்கள். அடுத்த நொடி போன் கீழே விழுகிற சத்தம். பிறகு அழுகை… மூன்று நாள் அழுகையும் சேர்ந்து. என்ன, ஏது என்று பக்கத்து வீடுகளிலிருந்து தமிழிலும் ஹிந்தியிலும் கேட்கிறார்கள். "அவிய இருக்காவ, இருக்காவ" என்று மட்டும் மைனி சொல்லிக்கொண்டேயிருந்தார்கள்.

அற்புதம் என்று சாட்சி சொல்லச் சொல்கிறது சபை. நான் சொல்லவில்லை. அதே சந்தில் இன்னொரு வீட்டுக்காரர் திரும்பவில்லை. அவர் வீட்டிலும்தான் ஜெபித்தார்கள். எனக்குப் பதில் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுகிறவர்களைக் கண்டால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. ஒன்று மட்டும் சொல்வேன். கல்லை யார் புரட்டுவார் என்று தெரியாமலேதான் அந்தப் பெண்கள் கிளம்பினார்கள். நம்பிக்கை என்பது அவ்வளவுதானோ என்னவோ… எடுக்காத போனை மறுபடியும் அடிப்பது.

சாயங்காலம் ஒரு நர்ஸ் தன் போனிலிருந்து அண்ணனைப் பேச வைத்தார். மைனியையும் கான்ஃபரன்ஸில் சேர்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே அண்ணன் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"ஏ ஜெயா… இங்க சாம்பார்ல உப்பே இல்ல."

மைனி வெடித்தார்கள். "இங்க மூணு நாளா எங்க உசுரு போயி வருது, உங்களுக்கு உப்பா கேக்கு?"

கேட்கட்டும் மைனி. செத்தவன் எவனும் உப்பு கேட்டதில்லை!