நெருப்புக்குச் சாயம் போட்ட மாப்பிள்ளை

நெருப்பை விற்பது சுலபம். அது என்ன தொழில் என்று பெண் வீட்டாருக்குச் சொல்வதுதான் கஷ்டம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "என்ன பண்றீங்க?" என்று கேட்டதும் சாம்பாரைப் பார்த்தபடி திணறுகிற அன்பர்களே, இது உங்களுக்காக.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் துணிக்கு ஷேட் பார்த்துக்கொண்டிருந்த நான், இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அந்த வேலையை விட்டேன். எக்ஸ்போர்ட் கம்பெனிகள் ஸ்டாஃபைத் தோப்புக்குக் கூட்டிப்போய் கேம்ப் ஃபயர் போட ஆரம்பித்திருந்த காலம். பனியன் கம்பெனியின் கட்டிங் வேஸ்ட்டைப் பந்தாக உருட்டி, மயில்துத்தம் என்கிற காப்பர் சல்ஃபேட்டைக் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் போதும். எரிகிற விறகில் போட்டதும் நெருப்பு பச்சையாகிவிடும். சரக்கை மாற்றினால் சிவப்பு, ஊதா. இதைத்தான் நான் விற்றேன்.

தரகரின் யோசனை

இந்தத் தொழிலைச் சொல்லியே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. அடுத்ததாகத் தரகர், குன்னத்தூர்ப் பக்கம் கோமதி என்ற பெண்ணின் போட்டோவைக் கொண்டுவந்தார். பார்த்ததுமே பிடித்துவிட்டது. இதுவும் தட்டிப்போய்விடுமோ என்ற பயமும் கூடவே வந்துவிட்டது. மார்கழி கழியட்டும், தையில் பெண் பார்க்கலாம் என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து ஒரு யோசனையும் சொன்னார்:

"நெருப்புன்னு மட்டும் வாயத் தொறந்துறாதீங்க தம்பி. கெமிக்கல் பிசினஸ்னு சொல்லிக்கலாமுங்க."

எல்லாம் மஞ்சள்

அந்த மார்கழியில் முதல் ஆர்டர் ராயபுரத்துக் குடும்பம் ஒன்று. சொந்தக்காரர்களை எல்லாம் தோப்புக்கு அழைத்திருந்தார்கள். பச்சைப் பந்தைப் போட்டேன், மஞ்சளாக எரிந்தது. சிவப்பைப் போட்டேன், அதுவும் மஞ்சள். ஊதாவைப் போட்டுவிட்டு நானே கண்ணை மூடிக்கொண்டேன்.

குற்றவாளி தண்ணீர். குழாய்த் தண்ணீர் வராததால் அந்தத் தடவை பந்துகளை வீட்டு போர் தண்ணீரில் ஊறவைத்திருந்தேன். நம்மூர் போர் தண்ணீர்தான் உப்புக் கரிக்குமே. நெருப்பில் உப்பு சேர்ந்தால் மற்றக் கலரையெல்லாம் மஞ்சள் அமுக்கிவிடும். சாயத்தொட்டிக்கு மூட்டை மூட்டையாக உப்பு கொட்டச் சொன்னவனுக்கு இது தோன்றவில்லை. அன்றிலிருந்து மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன். அந்த வீட்டு அம்மா மட்டும் கோபப்படாமல் சொன்னார்:

"மஞ்சளா எரியறதுக்கு எங்க ஊட்டு அடுப்பே போதுமேங்க."

ஷேட் வேரியேஷன்

ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் கேம்ப் ஃபயரில், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் ஒருவர் நெருப்பைச் சுற்றி நடந்து பார்த்தார். போன பந்தின் பச்சையும் இந்தப் பந்தின் பச்சையும் ஒன்றாக இல்லை என்றார். காற்றடித்தால் நெருப்பு அப்படித்தான் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்றுமுன் ஒரு சின்னத் துண்டில் ஏற்றிக் காட்டுவதற்கு எங்கள் ஊரில் லேப் டிப் என்று பெயர். அதைக் காட்டிக் காட்டியே லேபில் என் ஆயுளில் பாதி போயிற்று. தப்பித்து வந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பெண் விடவில்லை:

"மொதல்ல லேப் டிப் குடுங்க சார். அப்ரூவல் ஆனதுக்கப்புறம் பல்க் எரிச்சுக்கலாம்."

கோழியும் பச்சையும்

காதர்பேட்டை மொத்த வியாபாரி பாய் ஒருவர், வெளியூர் வியாபாரிகளுக்கு விருந்து வைத்தார். பச்சை நெருப்பு எழும்பியதும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவர், மசாலா தடவிய கோழியைக் கம்பியில் குத்தி நெருப்புக்கு மேலே நீட்டினார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். துத்தம் விஷம், இந்த நெருப்பில் எதையும் சுட்டுத் தின்னக் கூடாது என்று சொல்லி, தள்ளி வெறும் விறகில் வேறு தீ மூட்டிக் கொடுத்தேன். விருந்தைக் கெடுத்துவிட்டோமோ என்று நான் நிற்க, அவர் கோழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதுவுஞ் சரிதானுங்க. பச்சை நெருப்புல சுட்டா கோழி பச்சையாத்தான இருக்கும்?"

குன்னத்தூர்

தை பிறந்தது. பெண் வீட்டுக்குப் போனோம். கோமதியின் அப்பா விவசாயி. தரகர் என்னை முந்திக்கொண்டு, "மாப்பிள்ளைக்குக் கெமிக்கல் பிசினஸுங்க" என்றார். பெண்ணின் அப்பா முகம் சுண்டிப்போயிற்று.

"சாயமுங்களா? எந் தங்கச்சி ஊட்டுக் கெணறே சாயத்தண்ணியில கெட்டுப்போயிக் கெடக்குது. அந்தத் தொழிலுக்கு எம் புள்ளையக் குடுக்க மாட்டனுங்க."

எழுந்து போகவேண்டியதுதான் பாக்கி. போட்டோவில் பார்த்த பெண் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். வருவது வரட்டும் என்று முழுக்கதையையும் சொன்னேன்: சாயப்பட்டறையை விட்டது, கட்டிங் வேஸ்ட், துத்தம், கேம்ப் ஃபயர் எல்லாம். தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"துத்தமா? நான் செடிக்கு அடிக்கறதுதானுங்களே," என்றார் கோமதியின் அப்பா. "எங்க, எரிச்சுக் காட்டுங்க பாக்கலாம்."

வாசலில் குளிக்கத் தண்ணீர் காயும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இருட்டுகிற நேரம். மறுநாள் ஆர்டருக்காக வண்டியில் வைத்திருந்த பந்துகளில் ஒன்றை எடுத்து அடுப்பில் போட்டேன். பச்சை மெல்ல எழும்பி அண்டாவைச் சுற்றிக்கொண்டது. அதுவரை வாய் திறக்காத கோமதி கதவோரத்திலிருந்து இறங்கி வந்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாணத்தன்னைக்கு ஓமத்துல மட்டும் இதப் போட்றாதீங்க. போட்டோவுல நம்ம மூஞ்சி பச்சையா விழுந்துரும்."

போடவில்லை, அன்பர்களே, பாய் கோழி சுட்டதை விட்டால், தொழிலுக்கு வந்தபின் நான் எதையும் கலக்காமல் விட்ட நெருப்பு அது ஒன்றுதான், இத்தனை வருஷமாய் எங்கள் வீட்டில் அவ்வப்போது கொஞ்சம் புகைந்தாலும் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருக்கிறது.