அப்பா கையெழுத்துப் போட்ட தாள்

எழுபத்து நான்கு வயதில் அப்பா ஒரு நாளைக்கு விழுங்கிய மாத்திரைகள் பதினேழு. சர்க்கரைக்கு, பிரஷருக்கு, இதயத்துக்கு, கால் மரத்துப்போவதற்கு, வயிற்றெரிச்சலுக்கு, தூக்கத்துக்கு. எழுதிக் கொடுத்தவர்கள் நான்கு டாக்டர்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் பார்த்த ஒரே ஆள் நான். பாலக்கோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். அந்தத் தைரியத்தில் அவர் உடம்பை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன்.

அப்பா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டியவர். அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்ப்பது தவிர அப்பாவுக்கு வெளிவேலை எதுவும் மிச்சமில்லை.

"தல சுத்துது பாப்பா" என்பார்.

"சுகர் இருந்தா அப்படித்தான்ப்பா. வயித்துக்குச் சாப்டுட்டு மாத்திரையப் போடுங்க" என்பேன்.

ஒரு நாள் காலையில் குளியலறையில் விழுந்தார். தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் இரண்டு சிறுநீரகமும் அநேகமாகப் போய்விட்டது தெரிந்தது. டாக்டர் அண்ணனையும் என்னையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்றார். பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. அப்பா உள்ளே கட்டிலில் நல்ல நினைவோடுதான் படுத்திருந்தார்.

"அவருகிட்ட எதுவும் சொல்லிக்க வேணாம். பயந்துக்குவாரு" என்றான் அண்ணன்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உள்ளே போய் அப்பாவிடம் சொன்னேன்: "ரத்தம் கொஞ்சம் கெட்டுப்போச்சுப்பா. மெஷின்ல வச்சு சுத்தம் பண்ணுவாங்க. ரெண்டு மூணு மாசத்துல சரியாயிரும்."

அப்பா தலையை ஆட்டினார். இடது கையில் ஊசி குத்த வசதியாக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். அது எதற்கு என்றும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வாரத்துக்கு மூன்று நாள் போனோம். போக வர பஸ், நான்கு மணி நேரம் மெஷின். திரும்பி வந்ததும் அப்பா சாப்பிடாமல் படுத்துவிடுவார். மறுநாள் மத்தியானம் கொஞ்சம் எழுந்து உட்காருவார். அதற்கடுத்த நாள் மறுபடி பஸ். ஆரம்பத்தில் ஒவ்வொரு வாரமும், "இன்னும் எத்தன வாட்டி பாப்பா?" என்று கேட்பார். "கொஞ்ச நாள்தான்ப்பா" என்பேன். மூன்றாவது மாதத்துக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டார். பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம் வலது குதிகாலில் ஒரு புண் வந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு வரும் புண் எப்படியெல்லாம் முடியும் என்று எனக்குத் தெரியும். இரண்டே வாரத்தில் சுற்றிலும் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று சர்ஜன் சொன்னார். மறுபடி வராந்தா. அண்ணனுக்குப் போன் போட்டேன். "எடுக்கச் சொல்லிரு. வேற என்ன பண்றது?" என்றான்.

ஆபரேஷனுக்கு முன்னால் அப்பாவைப் பார்க்க ஒரு பெண் டாக்டர் வந்தார். அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தவர், முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டிலிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நான் கொண்டுபோன பையை ஒரு தட்டில் கொட்டிப் பிரித்துப் பார்த்தார். இரண்டு அட்டைகளைத் தனியாக எடுத்து என்னிடம் நீட்டினார். ஒன்று அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்தது, இன்னொன்று எங்கள் கடையிலேயே வாங்கியது. பெயர்தான் வேறு. இரண்டும் ஒரே பிரஷர் மாத்திரை. ஒரு வருடமாக அப்பாவுக்கு இரட்டிப்பாகக் கொடுத்து வந்திருக்கிறேன். அவருக்குத் தலை சுற்றியது அதனால்தான். டாக்டர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்து அப்பாவின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க ஒடம்புக்கு என்னன்னு நெனச்சிட்டு இருக்கீங்க?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். "இல்லங்க, அவரு சொல்லட்டும்" என்றார்.

அப்பா மெதுவாகச் சொன்னார். "ரத்தம் கெட்டுப்போச்சுன்னாங்க. சுத்தம் பண்ணிட்டு இருக்கறாங்க. ரெண்டு மூணு மாசத்துல முடிஞ்சிரும்னு பாப்பா சொல்லுச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு மாசம் ஆயிருச்சு. நான் கேட்டா இதுக்கு மொகம் ஒரு மாதிரி ஆவுதுங்க. அதான் கேக்கறதில்ல."

டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. அப்பாவிடம் எல்லாவற்றையும் அவசரப்படாமல் சொன்னார். சிறுநீரகம் இனி தேறாது, மெஷின் இருக்கும்வரைதான் உயிர் என்றார். இதயம் பலவீனமாக இருப்பதால் காலை எடுக்கும்போதே ஏதாவது ஆகலாம், எடுத்து நல்லபடியாக வந்தாலும் இன்னொரு காலில் புண் வரலாம், எடுக்காவிட்டால் விஷம் உடம்பில் ஏறி ஒரு நாள் காய்ச்சலில் கொண்டுபோய்விடும் என்றார். நடுநடுவே நிறுத்தி, "இது புரியுதுங்களா?" என்று கேட்டார். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மெஷின நிறுத்துனா எத்தன நாளுங்க?"

"ஒரு வாரம், பத்து நாளு. சில பேருக்குக் கொஞ்சம் கூட."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை எடுத்துப்போனால் வாங்கிச் சாப்பிட்டார், அவ்வளவுதான். மூன்றாவது நாள் டாக்டர் வந்தபோது தானாகவே ஆரம்பித்தார்.

"கால எடுக்க வேணாங்க. மெஷினு வாரத்துக்கு ரெண்டு வாட்டி போதும். நானா எந்திரிச்சு பாத்ரூம் போற வரைக்கும் வரேன். அதுக்கும் முடியாமப் போச்சுன்னா நிறுத்திருங்க. வூட்லயே கெடக்கறேன். தொண்டையில கொழா போடக் கூடாது. பேச்சு இருக்கணும், சாவறப்ப சாமியாரு வந்து எண்ணெ பூசி செபம் சொன்னா பதில் சொல்லணும்."

இரண்டு தடவை என்றால் மூச்சு வாங்கும், நாள் குறையும் என்று டாக்டர் எச்சரித்தார். "கொறையட்டுங்க" என்றார் அப்பா. டாக்டர் அதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டினார். 'குடும்பத்தாரின் விருப்பப்படி' என்று ஒரு வரி வந்தது. அப்பா கையை உயர்த்தினார்.

"அத அடிங்க. என் விருப்பம்னு போடுங்க."

அடித்து எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார். அண்ணனுக்கும் விஷயம் தெரிய வேண்டும், அவரையும் வரச் சொல்லலாமா என்று டாக்டர் கேட்டபோது, "பையனுக்கு நானே சொல்லிக்கறேன்" என்றார்.

பதினேழு மாத்திரை ஒன்பதாகக் குறைந்தது. தலைசுற்றல் நின்றது. வாரத்துக்கு இரண்டு நாள் மெஷினுக்குப் போய் வந்தபடி வீட்டில் ஏழு வாரம் இருந்தார். புண்ணின் நாற்றம் வீடு முழுக்க இருந்தது, தினமும் கட்டு மாற்றினேன். வலிக்குக் கொடுத்த மருந்தில் பாதி நேரம் அரைத்தூக்கம். ஆனாலும் அந்த ஏழு வாரம் அவர் என்னோடு உண்மையாகப் பேசினார். தான் போன பிறகு நான் தனியாக எப்படி இருப்பேன் என்று நேராகக் கேட்டார். "பொய் சொன்னியே பாப்பா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு கட்டை அவிழ்த்தேன்.

அண்ணன் தினமும் சாயங்காலம் போன் செய்வான். "நல்லாருக்கறன்ப்பா" என்பார் அப்பா. தாளைப் பற்றிச் சொல்லவே இல்லை. அவர்தான் சொல்ல வேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன். கால் விஷயத்தைக் கேட்டபோதெல்லாம், "டாக்டரு பாத்துட்டு இருக்கறாங்க" என்றுதான் அவனுக்குப் பதில் கிடைத்தது.

ஒரு திங்கட்கிழமை விடிந்தபோது அப்பாவின் உடம்பு கொதித்தது. பேச்சு குழறியது, என்னை அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பாதிரியாரை வரச் சொல்லிவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். பக்கத்து ஊருக்குப் போயிருந்த பாதிரியார் வருவதற்குள் அண்ணன் வந்துவிட்டான். வழியிலேயே ஆம்புலன்ஸுக்கும் சொல்லியிருந்தான். நான் தாளை எடுத்துக் காட்டினேன்.

"இது எப்ப எழுதுனது?"

"ரெண்டு மாசம் ஆவுதுண்ணா. அப்பாவே சொன்னது."

"வலியில மனுசன் எதையும்தான் சொல்லுவான். அதுக்காக இப்படியே வுட்றதா? நீ மெடிக்கல்ல வேல செய்யற, உனக்குமா தெரியாது?"

வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். புள்ளைங்க இருந்தும் வைத்தியம் பார்க்காமல் போட்டுவிட்டார்கள் என்று யாரோ தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது, அண்ணனுக்கும் கேட்டது. அவன் முகம் சிவந்தது. "அப்பாவக் கொல்லப் பாக்கறியா நீ?" என்றான்.

தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன். ஆம்புலன்ஸில் அப்பாவின் தலைமாட்டில் நான்தான் உட்கார்ந்து போனேன்.

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றைக்கே தொண்டையில் குழாய் போட்டார்கள். அதைப் பிடுங்குகிறார் என்று இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டினார்கள். மூன்றாவது நாள் கண் திறந்தார். கையைத் தொட்டேன். குழாய்க்கு மேலே உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணை என்னை விட்டு எடுக்கவே இல்லை. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னதும், தப்பித்தேன் என்று இருந்தது எனக்கு. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான்காவது நாள் வலது காலை எடுத்தார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டான், சாட்சிக்கு நான் போட்டேன். ஆறாவது நாள் மத்தியானம் அப்பா இறந்துபோனார். பாதிரியார் எண்ணெய் பூசியது ஐ.சி.யூ.வில், அப்பாவுக்கு நினைவில்லாதபோது.

ஊரில் உடலைக் குளிப்பாட்டியவர்கள் வேட்டியை நன்றாக இறக்கிக் கட்டினார்கள். ஆனாலும் பெட்டியில் வைத்தபோது வலது பக்கம் துணி தட்டையாகக் கிடந்தது. ஒரு சின்னத் தலையணையைச் செருகினார்கள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனும் அப்பாவைக் காப்பாற்றத்தான் ஓடி வந்தான். இதை நான் எனக்கே அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் தர்மபுரிக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க அண்ணனையும் பக்கத்துல உக்கார வச்சுதான் பேசியிருக்கணும். ஐயா சொல்லிக்கறேன்னதும் நான் வுட்டுட்டேன். என் மேலயும் தப்பு இருக்குங்க."

உங்கள் மேல் தப்பு இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார். எழுந்து வந்துவிட்டேன்.