ஜாடியை முகர்ந்தவர்கள்

எங்கள் பட்டறையின் கிழக்கு ஜன்னலில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகள் வெயிலில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஏதோ தின்பண்டம் என்று கிட்டே போய் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே ஒரு துண்டு மூங்கில் கிடக்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் கம்பளி, காய்ந்த மண்பூச்சின் ஒரு சில்லு. ஏமாந்து திரும்பும் முகங்களைப் பார்ப்பது ஸ்டோர் மேஜையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

வீட்டு அறைகளின் உள்வேலை எங்கள் தொழில். மண், சுண்ணாம்பு, மரம், வைக்கோல், தக்கை, கம்பளி இவற்றை வைத்தே சுவர், அலமாரி, கூரை எல்லாம் செய்து கொடுப்போம். இயற்கை என்ற சொல்லை விற்கிறவர்களுக்கு இந்த உலகத்தில் பஞ்சமே இல்லை. அட்டையில் ஒரு பச்சை இலையை அச்சடித்துவிட்டால் பிளாஸ்டிக்கும் இயற்கையாகிவிடும். அந்த இலையை ஒரு நாளும் நம்பாதவர், பட்டறையில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர். வருகிற சரக்கில் ஒரு துண்டை வெட்டி, கழுவிக் காயவைத்த ஜாடியில் போட்டு, மூடியை இறுக்கி, மூன்று நாள் வெயிலில் வைப்பார். பசையோ மருந்தோ கலந்திருந்தால் சூட்டில் அது கிளம்பி ஜாடிக்குள் தேங்கி நிற்கும். மூன்றாம் நாள் மூடியைத் திறந்து ஒரே ஒரு முறை முகர்வார். பிறகு சீட்டில் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவார். பத்தொன்பது வருஷம் அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு பலகைகூட என் ஸ்டோரைத் தாண்டியதில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். திரைச்சீலை தைக்கும் பகுதியில் தரை பெருக்கத்தான் முதலில் சேர்ந்தார். ஒரு நாள் புதிதாக வந்த துணி உருளையைத் தாண்டிப் போனவர் நின்று, இதை வெட்டாதீர்கள், மண்ணெண்ணெய் மாதிரி வாடை அடிக்கிறது என்றாராம். வந்த வேலையைப் பார் என்று தையற்காரர்கள் சிரித்தார்கள். மதியத்துக்குள் அவர்களில் மூன்று பேருக்கு மண்டையிடி. முதலாளியம்மா உருளையைத் திருப்பி அனுப்பிவிட்டு, அக்கா கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி ஓரமாக வைத்தார். அன்றிலிருந்து அவர் மூக்கக்கா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். முதலில் மூக்கு வரும், அரை நிமிஷம் கழித்து அக்கா வருவார் என்று நான் ஒரு தடவை சொல்லப்போய், அது பட்டறையைச் சுற்றி அவர் காதுக்கே போய்ச் சேர்ந்தது. அவர் கோபப்படவில்லை. மாலையில் கிளம்பும்போது என் மேஜையருகே ஒரு கணம் நின்று, நேற்றுப் போட்ட சட்டையை இன்றும் போட்டிருக்கிறாயே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அது வேண்டியதுதான்.

போன வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்து எழுந்தபோது மூக்கு போயிருந்தது. எங்களில் யாருக்கும் இது தெரியாது. அவர் கணவருக்கு மட்டும் தெரியும், அதுவும் அவராகக் கண்டுபிடித்தது. கடிகாரம் பழுது பார்க்கிறவர் அவர், வீட்டின் முன்னறையிலேயே வேலை. ஒரு நாள் பால் அடிப்பிடித்துக் கருகும் வாடை வந்து உள்ளே ஓடியிருக்கிறார். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாராம். அவர் அடுப்பை அணைத்தார். மறுநாளிலிருந்து சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஆபீஸில் சொல்லிவிடு என்று மட்டும் வாரத்துக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நாளில் மோப்பம் திரும்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அக்கா பதினான்கு மாதம் நாளைத் தள்ளினார்.

பிற்பாடு என்னிடம் சொன்னபோது அவர் காரணத்தை மறைக்கவில்லை. சுற்றியிருக்கிற எல்லோரும் ஏதோ ஒரு படிப்பு முடித்தவர்கள். அவரிடம் இருந்த ஒரே சான்றிதழ் முகத்தின் நடுவில் இருந்தது. அது போய்விட்டது என்று சொன்னால் மறுபடி துடைப்பத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். எனக்கு இதில் கோபம் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் அந்தப் பயம் எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது பொய்.

அந்த மாதங்களில் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஜாடியைத் திறந்து தான் முகர்வதுபோல் முகர்ந்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார். நீ பாரேன், என்ன சொல்கிறாய் என்பார். எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்று நாங்கள் பூரித்துப்போனோம். முகர்கிறவர் முகம் சுளித்தால் ‘வேண்டாம்’, சுளிக்காவிட்டால் ‘சரி’. எங்கள் முகத்தைத்தான் அவர் முகர்ந்துகொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அது பிசகாமல் நடந்தது.

அப்போதுதான் ரயில்காரர் வந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதால் பட்டறையில் அவருக்கு அந்தப் பெயர். அவர் மனைவிக்கு எட்டு வருஷமாக இழுப்பு. பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடித்தால்கூட அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டும். வீட்டில் ஒரே ஒரு அறையாவது அவள் நிம்மதியாக மூச்சுவிடுகிற மாதிரி வேண்டும் என்று கேட்டார். முதலாளியம்மா அக்காவைக் கைகாட்டினார். இவங்க சரின்னு சொல்லாத எதுவும் உங்க வீட்டு வாசலைத் தாண்டாது என்றார். ரயில்காரர் எழுந்து நின்று அக்காவைக் கும்பிட்டார்.

சுவருக்கு மண்பூச்சு. கட்டிலின் தலைமாட்டிலும் அலமாரிக்கும் வைக்கோல் பலகை. வைக்கோலைச் சூட்டில் அழுத்தினால் அதனுள் இருக்கும் பிசினே அதைப் பிடித்துக்கொள்ளும், வெளிப்பசை தேவையில்லை. மூன்று வருஷமாக ஒரே ஆலையில் வாங்குகிற பலகை, முதல் சரக்கை ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பிப் பார்த்திருந்தோம். ஆனால் இந்தத் தடவை ஆலைக்காரர் அவசரத்துக்கு வேறெங்கோ வாங்கி, தன் முத்திரையைக் குத்தி அனுப்பியிருந்தார். அதில் பசை இருந்தது. எங்களுக்கு அது தெரிய ஒரே வழி ஜாடிதான்.

மூன்றாம் நாள் அக்கா ஜாடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

அந்த வாடை எனக்குத் தெரிந்தது. கண் எரிகிற அளவுக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் தவளையைப் போட்டுவைத்திருக்கும் பாட்டிலைத் திறந்தால் வருமே, அது மிக மெல்லிசாக. நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அக்காவே முகர்ந்துவிட்டுச் சும்மா இருக்கிறார், புது வைக்கோல் இப்படித்தான் இருக்கும்போல, ஏதாவது உளறி மானத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று நானும் முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டேன். என் சும்மா இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ‘சரி’ என்று எழுதினார்.

அறை முடிந்து மூன்றே வாரத்தில் ரயில்காரரின் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் சண்டைபோட வரவில்லை. அறையில் புதிதாக என்ன சேர்ந்தது என்று டாக்டர் கேட்கிறார், ஒரு பட்டியல் எழுதித் தர முடியுமா என்று போனில் தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா பட்டியலை எழுதி அவர் வீட்டுக்கே எடுத்துப்போனார், நானும் கூடப் போனேன்.

தெருத் தூசிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் அந்தத் தவளை பாட்டில் வாடை என் நெற்றியில் அறைந்தது. அக்கா நேராக உள்ளே போனார். தலைமாட்டுப் பலகையைக் கையால் தடவிப் பார்த்தார், மண்பூச்சைத் தட்டிப் பார்த்தார், நடு அறையில் நின்று ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று திரும்பினார்.

"அக்கா, உங்களுக்கு இது தெரியலையா?" என்றேன்.

வாசலில் நின்ற ரயில்காரர்தான் பேசினார். "எனக்கு ரெண்டாம் நாளே தெரிஞ்சுது தம்பி. ஆனா இந்தம்மா சரின்னு சொல்லிட்டாங்க. அதான் என் மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். காய்ச்சல், பால், பதினான்கு மாதம், எங்கள் முகங்கள் எல்லாவற்றையும் அந்த அறையிலேயே அவரிடம் சொன்னார். குரல் உடையவில்லை. ரயில்காரர் கேட்டுக்கொண்டே நின்றார், பிறகு போய் ஜன்னலைத் திறந்தார். என் பங்கை நான் அன்று சொல்லவில்லை. வாய் வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பு.

மறுநாள் முதலாளியம்மா முன்னால் சொன்னேன். என்னைத் தொடர்ந்து தச்சரும் வாயைத் திறந்தார். பலகையை அறுக்கும்போதே அவருக்கு மூக்கு உறுத்தியிருக்கிறது, சீட்டில் அக்காவின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு மேலே வேலையைப் பார்த்திருக்கிறார். மூன்று மூக்கு இருந்தும் ஒரு மூக்கும் இல்லாமல் போய்விட்டதே என்றார் முதலாளியம்மா. யாரையும் திட்டவில்லை. அன்று சாயங்காலமே நானும் தச்சரும் போய் அந்த அறையிலிருந்து பலகைகளைக் கழற்றினோம். ஆலைக்கும் கடிதம் போனது. அவர்கள் மன்னிப்புக் கேட்டு எழுதியதை முதலாளியம்மா எனக்குக் காட்டினார், நான் படிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அக்கா தனியாகத்தான் போனார். மூக்கில் குழாயோடு அந்த அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். அக்கா எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அந்த அம்மாவுக்கு ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னதை அக்கா என்னிடம் அப்படியே திருப்பிச் சொன்னார்.

"அவர் வாடை வருதுன்னாரு. நான்தான் திட்டினேன். அந்தம்மாவை விட உங்க மூக்கு பெரிசான்னு. உங்களுக்கு மூக்கு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் என் வீட்டுக்காரர் மூக்கை நம்பியிருப்பேன்."

மன்னித்தேன் என்று அந்த அம்மா சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு அக்கா என் மேஜையில் தலையை வைத்து அழுதார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான்.

வேலையை விட்டு அவரை யாரும் போகச் சொல்லவில்லை. ஜாடி கழுவுகிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு முறையையும் அவர்தான் சொன்னார்: மூன்று பேர் தனித்தனியாக முகர வேண்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது, பேசுவதற்கு முன்னால் அவரவர் சீட்டில் எழுதிவிட வேண்டும். எங்கள் பட்டறையில் இன்றும் அப்படித்தான். ஒருவர் ‘வேண்டாம்’ என்று எழுதினாலும் சரக்கு திரும்பிப் போகும்.

மூன்று வாரம் கழித்து ரயில்காரர் வந்தார். மனைவி அடுத்த வாரம் வீடு திரும்புகிறார், தலைமாட்டுக்கு வேறு ஏதாவது வேண்டும். வேறு யாரிடமாவது போயிருக்கலாம் அவர். ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியாது. அக்கா மூன்று ஜாடிகளை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். மூன்றையும் நாங்கள் முகர்ந்து ‘சரி’ எழுதியிருந்தோம், ஆய்வுக்கூடத்திலிருந்தும் தாள் வந்திருந்தது. எதையும் அவரிடம் சொல்லக்கூடாது என்று அக்கா எனக்கு முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தார்.

"நீங்க பாருங்கய்யா. எங்களைப் பார்க்காதீங்க," என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நானும் திரும்பினேன்.

முதல் ஜாடி தக்கை. அவர் வெகுநேரம் முகர்ந்துவிட்டு, தெரியவில்லை என்றார். அக்கா திரும்பாமலே அதைத் தள்ளி வைக்கச் சொன்னார். இரண்டாவது கம்பளி. ஏதோ ஒரு வாடை வருகிறதே என்றார் ரயில்காரர். அது ஆட்டின் வாடை, ஒரு கெடுதலும் இல்லை என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மூன்றாவது வெறும் மரத்துண்டு, மெழுகுகூடப் போடாதது. மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் அவர் அக்காவின் முகத்தைத் தேடியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அங்கே அக்காவின் பின்தலைதான் இருந்தது. இன்னொரு முறை மூச்சை இழுத்தார்.

"இதுல ஒண்ணும் இல்லம்மா. மரம் மட்டும்தான் இருக்கு. இதை அவ தலைமாட்டுல வைக்கலாம்."

"எழுதிடுங்கய்யா," என்றார் அக்கா.

அவர் சீட்டை எடுத்து ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அக்கா திரும்பினார்.